ரேடியோ பேண்ட் எழுத்துகளைப் பிழையில்லாமல் படிப்பது எப்படி: எல் முதல் டபிள்யூ வரை முழுமையான வழிகாட்டி

பேண்ட் என்பது ஒரு அதிர்வெண் பட்டை, அதற்கு எழுத்தால் பெயர் வைப்பார்கள். ஒரு தாளில் ‘சி பேண்ட்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடார் ஆள் அதை 4 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் என்று படிப்பார். டிஷ் பொருத்துகிறவருக்கு அது 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இறங்குவதும் 6-ஐ ஒட்டி ஏறுவதுமான சிக்னல். மொபைல் நெட்வொர்க்கில் வேலை செய்கிறவர் 3.3-க்கும் 4.2-க்கும் நடுவில் ஒரு துண்டைச் சொல்வார். மின்னணுப் போர்முறை ஆவணம் என்றால் 500 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ். ஃபைபர் இழுக்கிறவருக்கோ அது ரேடியோவே இல்லை, 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை உள்ள ஒளி.

ஐந்து பேர் சொல்வதும் சரிதான். புதிதாக வருகிறவர்கள் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, அது எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்பிவிடுகிறார்கள். சாமான் வந்து இறங்கி, சிக்னல் வராதபோதுதான் தெரிகிறது. எந்த வரிசையில் பார்த்தால் அந்த இடத்துக்குப் போகாமல் தப்பலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வரிசை முக்கியம், இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கருவியின் டேட்டாஷீட் வேண்டும். விற்பனைப் பக்கத்தின் தலைப்பு போதாது, ஏனென்றால் தலைப்பில் எழுத்து இருக்கும், எண் இருக்காது. கால்குலேட்டர் ஒன்று. வேவ்கைடு (ரேடியோ அலையை உள்ளே கொண்டுபோகும் உலோகக் குழாய்) சம்பந்தப்பட்ட வேலை என்றால் ஒரு வெர்னியர் காலிப்பர், இது கட்டாயம்.

அப்புறம் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: அதிர்வெண், எழுத்து, எந்த முறைப்படி, எங்கிருந்து எடுத்தது. மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். பிறகு வரும் குழப்பம் அத்தனையும் அந்த ஒரு கட்டத்தில்தான் பிறக்கிறது.

2. முதலில் எண்ணை எழுதுங்கள்

எழுத்தைப் பார்த்ததும் பட்டியலுக்கு ஓடாதீர்கள். அந்த ஆவணத்திலேயே எங்காவது மெகாஹெர்ட்ஸோ கிகாஹெர்ட்ஸோ அலைநீளமோ இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும், மூன்றாவது பக்கத்தில், ஒரு சின்ன அட்டவணையில்.

அலைநீளம் மட்டும் கிடைத்தால் 30-ஐ அந்தச் சென்டிமீட்டரால் வகுங்கள், கிகாஹெர்ட்ஸ் வந்துவிடும். 3.2 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 9.4 கிகாஹெர்ட்ஸ், கப்பல் ரேடார் ஓடுகிற இடம். ஒளியின் வேகம் நொடிக்கு 30,000 கோடி மில்லிமீட்டருக்கு மிக அருகில் இருப்பதால் இந்தக் குறுக்குவழி செல்லுபடியாகிறது. அன்றாட வேலைக்கு இந்தத் துல்லியம் போதும்.

எல்லா எண்ணையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு வரியில் 3700 மெகாஹெர்ட்ஸ், அடுத்த வரியில் 4.2 கிகாஹெர்ட்ஸ் என்று கலந்து எழுதினால் களைப்பான நேரத்தில் கண் ஏமாறும்.

3. எழுதியவர் எந்தத் துறை என்று கண்டுபிடியுங்கள்

எண் கிடைக்கவில்லை என்றால் இந்தப் படிதான் உங்களைக் காப்பாற்றும். ஆவணத்தில் எதைப் பற்றிப் பேச்சு? இலக்கு, எதிரொலி, மழை என்று வந்தால் ரேடார் முறை. டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி), எல்.என்.பி. (டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் பெட்டி), ஏற்றம் (தரையிலிருந்து மேலே போவது), இறக்கம் (மேலிருந்து கீழே வருவது) என்றால் செயற்கைக்கோள் வழக்கு. ஃபிளாஞ்ச், வேவ்கைடு, அடாப்டர் என்றால் பரிசோதனைக்கூடத்து முறை. ஜாமிங், எதிர்நடவடிக்கை என்றால் மின்னணுப் போர்முறை, அங்கே நேட்டோ வகை எழுத்துகள். நானோமீட்டர் என்று ஒரே ஒரு இடத்தில் பார்த்தாலும் போதும், அது ஃபைபர்.

துறையை முடிவு செய்யாமல் பட்டியலைத் திறக்காதீர்கள். பட்டியல் உங்களைத் திருத்தாது. எந்த எழுத்தைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு பதிலைத் தந்துவிடும்.

4. அடிப்படைப் பட்டியல்: ஐ.இ.இ.இ. 521

வேறு குறிப்பு எதுவும் இல்லாதபோது நான் முதலில் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஐ.இ.இ.இ. என்ற மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு ரேடாருக்காக எழுதிய தரநிலை, எல்லைகள் முழு எண்களில் இருப்பதால் நினைவில் வைப்பதும் எளிது. எல்லாம் கிகாஹெர்ட்ஸில்:

எல்: 1–2
எஸ்: 2–4
சி: 4–8
எக்ஸ்: 8–12
கேயூ: 12–18
கே: 18–27
கேஏ: 27–40
வி: 40–75
டபிள்யூ: 75–110
ஜி: 110–300, பழைய தாள்களில் இதை வெறும் மில்லிமீட்டர் பேண்ட் என்றும் பார்க்கலாம்

முதல் மூன்றும் ஒவ்வொரு முறை இரட்டிப்பாகிக்கொண்டே போகின்றன: 1, 2, 4, 8. அதற்குமேல் அந்த ஒழுங்கு போய்விடுகிறது, 12-லிருந்து மனப்பாடம்தான்.

கே மட்டும் ஏன் மூன்றாக உடைந்திருக்கிறது என்று கேட்பார்கள். காற்றிலுள்ள நீராவி 22.2 கிகாஹெர்ட்ஸை ஒட்டிச் சிக்னலை உறிஞ்சுகிறது, தூரத்துக்குப் போகிற ரேடாருக்கு அந்த இடம் சரிப்படாது. அதனால் அதற்குக் கீழே இருப்பது கேயூ, மேலே இருப்பது கேஏ. யூ என்பது ‘அண்டர்’, ஏ என்பது ‘அபவ்’. இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் எது மேலே எது கீழே என்று பிறகு மறக்கவே மறக்காது.

1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இதே தரநிலை எச்.எஃப்., வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். என்றுதான் சொல்கிறது. இங்கே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. ஐ.இ.இ.இ. கணக்கில் யு.எச்.எஃப். 300 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 1000-ல் முடிந்துவிடும். ஐ.டி.யூ. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) கணக்கில் அது 3000 வரை போகும். ஆக 1.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை ஒருவர் எல் பேண்ட் என்பார், இன்னொருவர் யு.எச்.எஃப். என்பார், இரண்டும் சரி.

ஐ.டி.யூ. பெயர்களுக்குத் தனிப் பட்டியல் மனப்பாடம் வேண்டாம். ஒவ்வொன்றும் 3-ல் தொடங்கிப் பத்து மடங்கில் முடியும். எச்.எஃப். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ், வி.எச்.எஃப். 30 முதல் 300, யு.எச்.எஃப். 300 முதல் 3000, எஸ்.எச்.எஃப். 3 முதல் 30 கிகாஹெர்ட்ஸ், ஈ.எச்.எஃப். 30 முதல் 300. அவ்வளவுதான்.

பூமியைப் படம் எடுக்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் பற்றிப் படிக்கும்போது ‘பி பேண்ட்’ என்று வரும். அதை மேலே உள்ள பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அங்கே இல்லை. 435 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை அந்தத் துறையில் அப்படிச் சொல்கிறார்கள், மரங்களின் இலைக்கூட்டத்தை ஊடுருவி அடிமரம் வரை போவதற்காக அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

5. நேட்டோ வகை எழுத்துகள் வந்தால்

இந்த முறையில் ஏ-யிலிருந்து எம் வரை எழுத்துகள் அகர வரிசையிலேயே போகும். ஏ என்பது 250 மெகாஹெர்ட்ஸ் வரை, பி 500 வரை, சி 1 கிகாஹெர்ட்ஸ் வரை. பிறகு டி 1–2, ஈ 2–3, எஃப் 3–4, ஜி 4–6, எச் 6–8, ஐ 8–10, ஜே 10–20, கே 20–40, எல் 40–60, எம் 60–100.

இதில் சி, ஜி, கே, எல் நான்கும் முந்தைய பட்டியலிலும் இருக்கின்றன. கே மட்டும்தான் ஓரளவு ஒரே பக்கத்தில் விழுகிறது. எல் 1–2 ஆகவும் இருக்கலாம், 40–60 ஆகவும் இருக்கலாம். நல்லவேளையாக இதைக் கண்டுகொள்ள ஓர் எளிய அடையாளம் உண்டு: ஆவணத்தில் ஐ, ஜே, எச் போன்ற எழுத்துகள் எங்காவது வந்தால், பெரும்பாலும் முழு ஆவணமும் இந்த முறைப்படிதான். அந்த மூன்றும் ரேடார் பட்டியலில் கிடையாது.

6. செயற்கைக்கோள் வழக்கில் எல்லைகள் நகரும்

இங்கே நிதானமாகப் படியுங்கள், அதிகம் பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

செயற்கைக்கோள் துறையில் ஒரு எழுத்து ஒரே தொடர்ச்சியான பட்டையைக் குறிப்பதில்லை. ஏறும் துண்டு ஒன்று, இறங்கும் துண்டு ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர். பெயர் பெரும்பாலும் ஏறும் பக்கத்துக்குத்தான் பொருந்துகிறது, இறங்கும் பக்கம் பட்டியலில் கீழே இருக்கும் பேண்டுக்குள் போய் விழுந்துவிடுகிறது.

பாருங்கள்: சி பேண்ட் இறக்கத்தில் பழக்கமான துண்டு 3.7–4.2. இதன் பெரும்பகுதி ஐ.இ.இ.இ. கணக்கில் எஸ். கேயூ பேண்ட் இறக்கம் 10.7–12.75. இதில் பாதிக்கு மேல் எக்ஸ். கேஏ பேண்ட் இறக்கம் 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டி, அது கே. ராணுவச் செயற்கைக்கோள்களின் எக்ஸ் பேண்ட் இறக்கம் 7.25–7.75, அது சி.

காரணம் சிக்கலானது இல்லை. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க இடைவெளி வேண்டும். மேலே போகப்போக மழையிலும் காற்றிலும் இழப்பு கூடுவதால், மின்சாரம் குறைவாக இருக்கும் செயற்கைக்கோளுக்குக் கீழ் அதிர்வெண்ணைக் கொடுத்து, தாராளமாகச் சக்தி உள்ள தரை நிலையத்துக்கு மேல் அதிர்வெண்ணைக் கொடுக்கிறார்கள். ஜோடியாகப் போகும் இரண்டுக்கும் ஒரே எழுத்து ஒட்டிக்கொண்டது.

ஆகவே ‘கேயூ பேண்ட் எல்.என்.பி.’ என்று பார்த்ததும் 12–18 என்று எழுதாதீர்கள். 10.7–12.75 என்று எழுதிவிட்டு, டேட்டாஷீட்டில் சரிபாருங்கள். ஏனென்றால் இதற்குள்ளும் உலகின் ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு துண்டு பயன்பாட்டில் இருக்கிறது.

7. வேவ்கைடு என்றால் எழுத்தை மறந்துவிட்டு அகலத்தை அளங்கள்

ஒரு தம்பி கேஏ பேண்ட் செயற்கைக்கோள் சிக்னலை இறக்கிப் பார்க்க ஒரு பரிசோதனை அமைத்தார். 20 கிகாஹெர்ட்ஸ். கடையில் ‘கேஏ பேண்ட் வேவ்கைடு’ என்று கேட்டு வாங்கி, அழகாகப் பொருத்தி, இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. கேபிளை மாற்றினார், பெருக்கியை மாற்றினார். “அண்ணா, கேஏன்னுதான் போட்டிருக்கு, நானும் கேஏதான் விடறேன்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

வேவ்கைடை வாங்கி உள்பக்க அகலத்தில் வெர்னியரை வைத்தேன். 7.11 மில்லிமீட்டர். அதாவது டபிள்யூ.ஆர். 28. இதன் வழியாக 21.08 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் போகாது. இழப்பு கொஞ்சம் கூடும் என்ற பேச்சே இல்லை, குழாய் அடைத்த மாதிரிதான். அவருக்கு வேண்டியிருந்தது டபிள்யூ.ஆர். 42, அதன்மேல் வழக்கமாக ‘கே பேண்ட்’ என்று எழுதியிருக்கும்.

கணக்கு இதுதான். செவ்வக வேவ்கைடில் 150-ஐ உள் அகலத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால் அது வெட்டும் அதிர்வெண் கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும். அரை அலைநீளம் அகலத்துக்குள் அடங்கினால்தான் அலை உள்ளே நடக்கும் என்பதால் இப்படி. வெட்டும் இடத்துக்கு மிக அருகில் சிக்னல் சிதைவதால் அதைவிட சுமார் கால் பங்கு மேலே தொடங்குவார்கள். இரண்டு மடங்கை எட்டினால் இன்னொரு வகை அலை உள்ளே கிளம்பிவிடும் என்பதால் அதற்குச் சற்று முன்பே நிறுத்துவார்கள்.

டபிள்யூ.ஆர். என்பதற்குப் பின்னால் வரும் எண் உள் அகலம், அங்குலத்தின் நூறில் ஒரு பங்கில். டபிள்யூ.ஆர். 90 என்றால் 0.90 அங்குலம், 22.86 மில்லிமீட்டர், வெட்டும் இடம் 6.56, பயன்படும் இடம் 8.2–12.4. அதைத்தான் எக்ஸ் பேண்ட் என்று விற்கிறார்கள். டபிள்யூ.ஆர். 62 என்றால் 12.4–18, கேயூ. டபிள்யூ.ஆர். 42 என்றால் 18–26.5, கே. டபிள்யூ.ஆர். 28 என்றால் 26.5–40, கேஏ. எல்லைகள் ஐ.இ.இ.இ. பட்டியலை ஒட்டி இருந்தாலும் அப்படியே அது இல்லை, 27-க்குப் பதில் 26.5, 12-க்குப் பதில் 12.4.

கேயூ டிஷ் வேலைக்கு எழுத்தை நம்பி டபிள்யூ.ஆர். 62 வாங்கிவிடாதீர்கள். 10.7-ல் தொடங்கும் இறக்கம் அதன் பரிந்துரைத்த எல்லைக்கு வெளியே போய்விடும். அந்த வேலைக்குப் பொதுவாகப் போடுவது டபிள்யூ.ஆர். 75, அது 10–15.

மேலே போனால் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். கியூ 33–50, யூ 40–60, வி 50–75, ஈ 60–90, டபிள்யூ 75–110. கார்களில் இருக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஈ-யிலும் அடங்கும், டபிள்யூ-விலும் அடங்கும். இரண்டு அடாப்டரும் வேலை செய்யும், ஆனால் ஒன்றோடு ஒன்று நேராகப் பொருந்தாது, அளவு வேறு.

பழைய சாமானில் ஆர் 100 என்றோ டபிள்யூ.ஜி. 16 என்றோ பொறித்திருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டும் டபிள்யூ.ஆர். 90-தான்.

8. கேபிளில் ஓடும் ‘எல் பேண்ட்’டைத் தனியாக எழுதுங்கள்

டிஷ்ஷின் எல்.என்.பி. மேலிருந்து வரும் சிக்னலை 950–2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது. இதையும் எல் பேண்ட் என்றுதான் சொல்வார்கள். வானத்திலிருந்து எல் பேண்டில் எதுவும் வரவில்லை, அது இடைநிலை அதிர்வெண் மட்டும். நீளமான கேபிளில் 12 கிகாஹெர்ட்ஸை அனுப்பினால் வழியிலேயே செத்துவிடும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேயூ-வில் 11.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல், லோக்கல் ஆசிலேட்டர் (எல்.என்.பி.-க்குள் நிலையான அதிர்வெண்ணைத் தரும் பகுதி) 9.75. கழித்தால் 1750 மெகாஹெர்ட்ஸ். சி பேண்டில் வழக்கமான ஆசிலேட்டர் 5150 மெகாஹெர்ட்ஸ், சிக்னலுக்கு மேலே இருக்கிறது. 3840-ஐ 5150-லிருந்து கழித்தால் 1310. ஆசிலேட்டர் மேலே இருப்பதால் ஸ்பெக்ட்ரம் தலைகீழாகும், இதை மறந்துவிட்டு இடமும் வலமும் மாற்றிப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாளில் இரண்டு வரியாக எழுதுங்கள், வானத்தில் எவ்வளவு, கேபிளில் எவ்வளவு. ஒரே வரியில் ‘எல் பேண்ட்’ என்று போட்டால் ஜி.பி.எஸ். போல உண்மையிலேயே 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலோடு கலந்துவிடும்.

அந்தக் கேபிளுக்குப் பதில் ஃபைபர் போட்டிருந்தால் இன்னும் ஒரு அடுக்கு. எல் பேண்ட் சிக்னலை 1550 நானோமீட்டர் லேசரில் ஏற்றி அனுப்புவார்கள், அந்த லேசர் ஃபைபர் கணக்கில் சி பேண்ட். ஃபைபரிலும் எஸ், சி, எல் என்ற எழுத்துகளே இருக்கின்றன, ரேடியோவோடு அவற்றுக்கு எந்தச் சொந்தமும் இல்லை.

9. கனெக்டர் பெயரை பேண்ட் என்று நினைக்காதீர்கள்

‘கே கனெக்டர்’ என்பது 2.92 மில்லிமீட்டர் கனெக்டர், 40 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அதாவது கே-யையும் தாண்டிக் கேஏ முழுவதும். ‘வி கனெக்டர்’ 1.85 மில்லிமீட்டர், வழக்கமாக 67 வரை. ஆகவே வி பேண்டின் மேல்முனையான 75-ஐ அது எட்டாது. சாதாரண எஸ்.எம்.ஏ. கனெக்டர் பெரும்பாலும் 18 வரைதான். கனெக்டருக்கு எழுத்தைப் பார்க்காமல் மில்லிமீட்டரையும் மேல் எல்லையையும் பாருங்கள்.

10. எல்லையில் நிற்கும் எண்களைச் சரிபாருங்கள்

சரியாக 4, 8, 12, 18, 40 என்று வரும் எண்களுக்கும் அவற்றின் இரு பக்கத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். 3.9–4.1-ல் ஓடும் ஒரு வடிகட்டிக்கு ஒரே எழுத்து போட முடியாது, போடவும் வேண்டாம். நேட்டோ முறையில் 10 கிகாஹெர்ட்ஸ் ஐ-க்கும் ஜே-வுக்கும் நடுவில் நிற்கிறது, ரேடார் முறையில் அதே எண் எக்ஸின் நட்டநடுவில். இப்படிப்பட்ட இடத்தில் எண் மட்டும் எழுதி விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு 11.7 கிகாஹெர்ட்ஸை எடுத்து நான்கு கட்டத்தையும் நிரப்பிப் பாருங்கள். ஐ.இ.இ.இ. எக்ஸ், செயற்கைக்கோள் வழக்கில் கேயூ, நேட்டோ ஜே, ஐ.டி.யூ. எஸ்.எச்.எஃப். இது தடுமாறாமல் வந்துவிட்டால் 3.8-ஐ எடுங்கள்: எஸ், சி, எஃப், எஸ்.எச்.எஃப்.

11. லேபிள் ஒட்டுவதும் போனில் சொல்வதும்

பெட்டியின் மேல் லேபிள் ஒட்டும்போது எண் முதலில் பெரிதாக, எழுத்து பின்னால் சிறிதாக, முறையின் பெயரோடு: ‘10.7–12.75 கிகாஹெர்ட்ஸ், செயற்கைக்கோள் கேயூ இறக்கம்’. ஆறு மாதம் கழித்து எடுக்கிறவர் நீங்களாகவே இருந்தாலும் அப்போது உங்களுக்கும் நினைவிருக்காது.

போனில் எழுத்தை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கேயூ-வும் கியூ-வும் காதில் ஒன்றுபோலத்தான் விழும், ஒன்று 12-ல் தொடங்குகிறது, மற்றது 33-ல். கே, கேஏ இரண்டும் வேகமாகச் சொன்னால் பிரித்தே அறிய முடியாது. “பன்னிரண்டிலிருந்து பதினெட்டு” என்று எண்ணைச் சொல்லுங்கள், எதிர்ப்பக்கத்தில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வேவ்கைடு என்றால் டபிள்யூ.ஆர். எண்ணையும், உள் அகலத்தை மில்லிமீட்டரிலும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அதையே எழுத்து வடிவில் அனுப்பிவையுங்கள்.